நூற்றுப் பத்து நிமிடங்கள்

அந்த வெள்ளை வேன் வந்து தன்னை இடித்ததா, இல்லை தான்தான் அதன் குறுக்கே போய் விழுந்தோமா... அவளுக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது.

மழை அப்படிப் பெய்துகொண்டிருந்தது. சாலை எது, வானம் எது என்று பிரிக்க முடியாத சாம்பல் நிறக் காலை. சிக்னல் பச்சைக்கு மாறிய நொடியில் அவளுடைய இடது கை ஸ்கூட்டரின் பிடியை விட்டுவிட்டுக் கழுத்துக்குப் போயிருந்தது. காறை எலும்புக்குச் சற்று மேலே. அங்கே ஒன்றுமில்லை. ஒரு வருடத்துக்கு முன்னால் இருந்தது, இப்போது இல்லை. அந்த இல்லாததை ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது தொட்டுப் பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

கிறீச்சென்று ஒரு சத்தம். பக்கக் கண்ணாடி தெறித்துப் போனது. அடுத்த கணம் அவள் முழங்கை ஊன்றித் தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள்.

வேனிலிருந்து ஒருவன் குதித்து ஓடி வந்தான். முதலில் ஸ்கூட்டரைத் தூக்காமல் அவளைத் தூக்கினான். பிறகு ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினான். சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து அவள் கையில் திணித்தான்.

"எங்கேயும் பலமா அடிபடலையே? கையை மடக்கிக் காட்டுங்க... சரி. இதுல என் நம்பர் இருக்கு. தப்பு என் மேலதான். சாயந்திரம் போன் பண்ணுங்க, கண்ணாடி மாத்தித் தரேன். இப்ப நான் போகணும்."

"என்னது? இடிச்சுட்டுக் கிளம்பறீங்களா?"

"நிக்க முடியாதுங்க. வண்டியில இருக்கறது நூத்திப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பாதியாயிடும்."

"ஏன், ஐஸ் கட்டி ஏத்திட்டுப் போறீங்களா?"

ஓடத் தொடங்கியவன் ஒரே ஒரு நொடி திரும்பிப் பார்த்தான். இமையெல்லாம் மழை. சிரிக்கக் கூடாத நேரத்தில் சிரிப்பு வந்துவிட்ட கண்கள்... அவ்வளவுதான். வேன் போய்விட்டது.

ஆனால் 'பாதியாயிடும்' என்ற சொல் அவளுக்குள் நின்றுகொண்டது. நூற்றுப் பத்து நிமிடத்தில் பாதி. அப்படி ஒரு பொருள் உலகில் எது என்று, ஒரு கோளரங்கத்தில் நட்சத்திரங்களைப் பற்றி நாள்தோறும் பேசிப் பிழைக்கிற அவளுக்குத் தெரியாதா என்ன? கதிரியக்க மருந்து. ஸ்கேனுக்கு முன்னால் நரம்பில் ஏற்றுவது. இன்று காலை ஒன்பதரைக்கு அவள் நரம்பில் ஏற்றப் போவது.

மணி ஒன்பது இருபது. வயிறு காலி. முழங்கை எரிந்தது. அவள் ஸ்கூட்டரை முடுக்கினாள்.

*

மருத்துவமனையின் தரைக்கு அடியில் இருந்த அந்தப் பிரிவுக்கு அவள் சொட்டச் சொட்டப் போய்ச் சேர்ந்தபோது நர்ஸம்மா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"கால் மணி நேரம் லேட்டும்மா. நல்ல வேளை, மருந்தும் இப்பதான் வந்து இறங்குச்சு. அதுவும் லேட்டு. அந்தத் தம்பி என்னைக்கும் இப்படி வந்ததே இல்ல."

உள்ளறைக் கதவு திறந்தது. கையில் காலியான ஈயப் பெட்டியோடு அவன் வெளியே வந்தான். அவளைப் பார்த்தான். அவள் மணிக்கட்டில் நர்ஸம்மா கட்டிக்கொண்டிருந்த நோயாளிப் பட்டையைப் பார்த்தான். பிறகு, அவள் தலையை. இரண்டு விரல் நீளத்துக்கு மட்டும் வளர்ந்திருந்த முடி, மழையில் நனைந்து ஒட்டிக் கிடந்தது.

அவன் முகம் வெளிறிப்போனதை அவள் பார்த்தாள்.

'வேண்டாம்... அந்தப் பார்வை மட்டும் வேண்டாம்' என்று நினைத்துக்கொண்டாள். ஒரு வருடமாக எல்லோரும் அவளுக்குத் தரும் பார்வை அதுதான். உச்சுக் கொட்டாத குறை.

ஆனால் அவன் சொன்னது வேறு. "இது உங்களுக்குன்னு தெரிஞ்சிருந்தா... உங்களையும் வண்டியிலயே ஏத்திட்டு வந்திருப்பேன். ரெண்டு பேருமே சரியான நேரத்துக்கு வந்திருக்கலாம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்த இடத்தில் அவள் சிரிப்பது அதுவே முதல் தடவை.

ஊசி ஏறியது. ஒரு மணி நேரம் இருட்டறையில், பேசாமல், அசையாமல் படுத்துக் கிடந்தாள். பிறகு அந்த வெள்ளை வளையத்துக்குள் நுழைந்து வெளியே வந்தாள். கழுத்தில் ஒரு கட்டியாகத் தலைகாட்டிய நிணநீர்ச் சுரப்பிப் புற்று. ஆறு மாத மருந்து முடிந்துவிட்டது. மிச்சம் மீதி ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் இன்றைய ஸ்கேன். முடிவு எப்போது என்று கேட்டதற்கு, பெரிய டாக்டர் ஊரில் இல்லை, எல்லோரும் கூடிப் பேச வேண்டும், இரண்டு வாரமாகும் என்றார்கள். இரண்டு வாரம்... அவள் மனதுக்குள் நாட்களை எண்ணினாள்.

"சாயந்திரம் அஞ்சு மணி வரைக்கும் கர்ப்பிணிங்க பக்கத்துல போகாதம்மா. சின்னக் குழந்தைங்க பக்கத்துலயும். தண்ணி நிறையக் குடி" என்றாள் நர்ஸம்மா.

வாசல் போர்ட்டிகோவில் வந்து நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. எங்கே போவது? அக்கா வீட்டில்தான் அவள் இருக்கிறாள். அக்காவுக்கு ஆறாம் மாதம். கோளரங்கத்தில் இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் நானூறு பேர். ஐந்து மணிவரை இந்த ஊரில் அவள் போகக்கூடிய இடம் ஒன்றுகூட இல்லை.

வண்டி நிறுத்துமிடத்தில் அவளுடைய ஸ்கூட்டருக்கு முன்னால் ஒருவன் குந்தி உட்கார்ந்திருந்தான். வாயில் ஒரு ஸ்க்ரூ. கையில் புதுக் கண்ணாடி.

"சாயந்திரம்தானே மாத்தித் தரேன்னீங்க?"

அவன் ஸ்க்ரூவைக் கையில் எடுத்தான். "எதிர்ப்பக்கமே கடை இருந்துச்சு. இன்னைக்கு ஒரே ஒரு லோடுதான். சாப்பிட்டீங்களா?"

"நேத்து ராத்திரியிலிருந்து இல்ல."

"வாங்க, கேன்டீன் இருக்கு." எழுந்தவன் இரண்டடி வைத்து நின்றான். "ஆனா ஒண்ணு, நான் எதிர் மேஜையில உட்காருவேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"தினமும் அதைத் தூக்கிட்டு அலையறீங்க. என் பக்கத்துல உட்கார மட்டும் பயமா?"

"அது பெட்டிக்குள்ள இருக்கும்போது சுத்தி நாலு விரக்கடை ஈயம் இருக்கும் மேடம். உங்களைச் சுத்தி என்ன இருக்கு? ஒரு சுடிதார்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்குத் தெரிந்தது போல. காது மடல் சிவந்து, வேகமாக முன்னால் நடந்துவிட்டான்.

கேன்டீனின் கோடியில், இரண்டு மேஜைகளுக்கு நடுவே ஒரு காலி மேஜையை விட்டு, உட்கார்ந்தார்கள். சற்று உரக்கத்தான் பேச வேண்டியிருந்தது. அவன் வேதியியல் படித்தவன். மூன்று வருடம் வேலை தேடிவிட்டு, மருந்து தயாரிக்கும் கூடத்தில் ஓட்டுநராகச் சேர்ந்தவன். ஐந்து வருடமாகப் பாதியாகிக்கொண்டே இருக்கும் ஒரு பொருளோடு சாலையில் பந்தயம் ஓடுகிறான்.

"எங்க வீட்டுல கல்யாணத்துக்கெல்லாம் கூட்டிட்டுப் போகமாட்டாங்க. பந்தியில உட்கார்ந்தா எனக்கு மட்டும் பத்து நிமிஷத்துல சாப்பாடு முடிஞ்சிடும். பக்கத்து இலைக்காரங்க என்னைப் பார்த்துப் பார்த்துப் பாதியில எழுந்துடுவாங்க."

"உங்க பேரை என் போன்ல என்னன்னு போட்டிருக்கேன் தெரியுமா? அவசரம்."

"சரியான பேர்தான்... நீங்க என்ன பண்றீங்க?"

அவள் சொன்னாள். நட்சத்திரங்கள் எப்படிப் பிறக்கின்றன, எப்படி எரிகின்றன, எப்படி அவிகின்றன என்பதை ஒரு நாளைக்கு நான்கு காட்சிகள். "நட்சத்திரம் எவ்வளவு எடையோட பிறக்குதோ, அதை வெச்சே அதோட ஆயுசு முடிவாயிடும். பெருசா பிறந்தது பகட்டா எரிஞ்சு சீக்கிரம் வெடிச்சுப் போயிடும். சின்னதா, மங்கலா, சிக்கனமா எரியறது இருக்கே... அது ரொம்ப ரொம்ப காலம் இருக்கும்."

"அப்ப எங்க முதலாளி சாகவே மாட்டார்."

அவளுக்குத் தண்ணீர் புரை ஏறியது. அவன் எழுந்துவிட்டு, நினைவு வந்தவனாக மறுபடி உட்கார்ந்தான். இரண்டு மீட்டர் தூரத்தில் தவித்துக்கொண்டு, "தலையில தட்டிக்கோங்க... நீங்களே தட்டிக்கோங்க" என்றான்.

மழை கண்ணாடியில் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. எதனால் என்று தெரியவில்லை... அவள் யாரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னாள்.

"நூத்துக்கு எண்பத்தஞ்சு பேருக்குத் திரும்பி வராதுன்னு டாக்டர் சொன்னார். நான் அந்த எண்பத்தஞ்சுலயா, மிச்சப் பதினஞ்சுலயான்னு கேட்டேன். சிரிச்சார். உங்க மருந்து மாதிரிதான். பாதி போயிடும்னு அடிச்சுச் சொல்லலாம். எந்த அணு போகும்னு மட்டும் யாராலயும் சொல்ல முடியாது. கூட்டத்துக்குத்தான் கணக்கு. ஒத்தை அணுவுக்குக் கணக்கே கிடையாது."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். இப்போது அந்த வாக்கியம் வரும். 'உங்களுக்கு ஒண்ணும் ஆகாது'. எல்லோரும் சொல்வார்கள். அக்கா ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வாள்.

அவன் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். "டாக்டருக்கே தெரியாததைப் பத்தி நான் என்ன சொல்றது" என்றான் கடைசியில். "ஆனா ஒண்ணு மேடம். காலையிலிருந்து தாக்குப் பிடிச்ச அணு இருக்கு பாருங்க... அது தேயறதில்ல. அதுக்கு வயசே ஆகாது. காலையில எப்படி இருந்துச்சோ சாயந்திரமும் அப்படியேதான். இவ்வளவு நேரம் ஓட்டிட்டோமே, இனி நம்ம முறைதான்னு அதுக்கு ஒரு கட்டாயமும் இல்ல."

அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். பாடமாகச் சொல்லியே கொடுத்திருக்கிறாள். ஆனாலும் அதை முதல் தடவையாகக் கேட்பது போல இருந்தது.

ஐந்து மணிக்கு மழை விட்டது. இருவருமே அதைக் கவனிக்கவில்லை.

*

அடுத்த இரண்டு வாரத்தில் அவன் நான்கு தடவை கோளரங்கத்துக்கு வந்தான். ஒவ்வொரு தடவையும் முதல் வரிசை. முதல் வரிசையிலிருந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், ஒழுங்காக எதுவும் தெரியாது என்று சொல்லிப் பார்த்தாள். "எனக்குத் தெரிய வேண்டியது தெரியுது" என்றான். அன்றைய காட்சியில் அவள் வியாழனைச் சனி என்று சொல்லிவிட்டாள். ஒரு வாண்டு எழுந்து நின்று திருத்தியது.

காட்சி முடிந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்து பேசுவார்கள். அவன் தினமும் கடக்கும் சாலைகளைப் பற்றி... எந்தக் குழிக்கு எந்த டிராஃபிக் போலீஸ்காரர் பெயர் வைத்திருக்கிறார் என்பதைப் பற்றி... 'நட்சத்திர மேடம்' என்றுதான் கூப்பிடுவான். மேடம் வேண்டாமே என்றாள் ஒரு நாள். "சரி, நட்சத்திரம்" என்றான். அதற்கு 'மேடம்' இருந்ததே மேல் என்று தோன்றிவிட்டது. அவ்வளவு படபடப்பு.

ஆனால் ஒவ்வொரு மாலையும் வீடு திரும்பும்போது, விரல்கள் தானாகக் கழுத்துக்குப் போயின. இன்னும் ஒன்பது நாள். இன்னும் ஆறு. இன்னும் இரண்டு. அக்கா பார்த்துப் பார்த்துச் சமைத்தாள், அத்தான் வீட்டில் குரலைத் தாழ்த்தியே பேசினார். அந்த வீட்டில் அந்த நோயின் பெயரை யாரும் உச்சரிப்பதில்லை. போன வருடம் நிச்சயமாகவிருந்த சம்பந்தம், விஷயம் தெரிந்ததும் மூன்றே நாளில் கழன்றுகொண்டது. அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரே சட்டம்தான். யாருக்கும் சொல்லாதே.

பதினான்காம் நாள் பெரிய டாக்டர் படத்தைத் திருப்பிக் காட்டினார். "எல்லாம் போயிடுச்சு. ஆனா இங்க மட்டும்... நெஞ்சுக்கு நடுவுல ஒரு சின்னப் புள்ளி மினுங்குது. பழைய தழும்பாவும் இருக்கலாம். வேறயாவும் இருக்கலாம். இப்ப சொல்ல முடியாது. மூணு மாசம் கழிச்சு மறுபடி எடுத்துப் பார்க்கலாம்."

கறுப்புப் படத்தில் ஒரு புள்ளி வெளிச்சம். வாழ்நாள் முழுக்க அப்படிப்பட்ட புள்ளிகளைக் காட்டித்தான் அவள் பிள்ளைகளைச் சந்தோஷப்படுத்தியிருக்கிறாள்.

அன்று மாலைக் காட்சியில் சூரியன் வீங்கிச் சிவந்து குவிமாடத்தையே நிறைத்தது. அடுத்து அவள் சொல்ல வேண்டிய வரி ஒன்று உண்டு. வெளி உடையைக் களைந்துவிட்டுச் சின்ன வெண்மணியாகச் சுருங்கி, கோடிக்கணக்கான வருடங்கள் மெல்ல மெல்லக் குளிரும் என்று. "அதுக்குப் பிறகு..." என்றாள். குரல் எழவில்லை. இருட்டில் பிள்ளைகள் காத்திருந்தார்கள். "அதுக்குப் பிறகு..." மறுபடியும் அதே இடம். உடன் வேலை செய்பவர் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்.

படிக்கட்டில் அவன் கேட்பதற்கு முன்பு அவளே சொன்னாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, தயார் செய்து வைத்திருந்ததையும் சொன்னாள்.

"இனிமே இங்க வராதீங்க."

"ஏன்?"

"மூணு மாசம் கழிச்சு என்ன ஆகும்னு எனக்கே தெரியல. இதுல இன்னொருத்தரையும் கட்டி இழுத்துட்டுப் போக எனக்கு இஷ்டமில்ல."

"நான் கூட இருக்கேன்னுதானே சொல்றேன். என்னைத் தூக்கிட்டு நடங்கன்னா சொன்னேன்?"

"பரிதாபப்பட்டு ஒருத்தர் கூட இருக்கறது எனக்கு வேண்டாம்."

எழுந்து நின்றபோது அவன் கண்களில் அந்தச் சிரிப்பு இல்லை.

"பரிதாபமா இருந்தா அன்னைக்கே கண்ணாடியை மாட்டிக் குடுத்துட்டுப் போயிருப்பேன். அது போதுமே... உங்களுக்காக நீங்க முடிவெடுங்க, வேண்டாங்கல. எனக்கும் சேர்த்து நீங்களே எடுத்துட்டீங்க பாருங்க. அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

இறங்கிப் போனான். ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பான் என்று நினைத்தாள். பார்க்கவில்லை.

*

சொன்ன சொல்லைக் கேட்கும் ஆட்களிடம் இதுதான் கஷ்டம். வராதே என்றால் வருவதில்லை. ஒரு மாதம் போனது. முதல் வரிசை நாற்காலியில் யார் யாரோ உட்கார்ந்தார்கள். போனில் 'அவசரம்' என்ற பெயரை அவள் திறந்து திறந்து மூடினாள். வெள்ளை வேன் எது போனாலும் நெஞ்சு ஒரு தடவை நின்று ஓடியது. நெஞ்சு என்றதும் அந்தப் புள்ளி நினைவுக்கு வரும். பிறகு தூக்கம் போய்விடும்.

இரண்டாம் மாதம் அக்கா ஒரு வரன் பார்த்தாள். நல்ல மனிதர், பொறியாளர். "அதைப் பத்தி மட்டும் வாயைத் திறந்துடாத குட்டி" என்று கெஞ்சினாள். அவள் திறந்தாள். பெண் பார்க்க அவர்கள் வந்து உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில், தண்ணீர் டம்ளரை நீட்டிக்கொண்டே, எல்லாவற்றையும் சொன்னாள். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, மரியாதையாகக் கிளம்பிப் போனார்கள்.

அக்கா சோபாவில் உட்கார்ந்து, பெரிய வயிற்றின் மேல் கைகளைக் கோத்துக்கொண்டு அழுதாள்.

"ஏன்டி இப்படிப் பண்ணின?"

"மறைச்சு வெச்சுட்டு ஒருத்தர் கூடக் காலம் பூரா இருக்க என்னால முடியாதுக்கா."

"மறைக்காம சொன்னா யாருடி இருப்பா? ஒருத்தன்... ஒரே ஒருத்தன் இருந்தானா?"

பதில் சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அக்கா அழுகையை நிறுத்தினாள். தங்கையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மாத மருந்துக்கும் அழாதவள். முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தபோதுகூடக் கேலி பேசியவள். அவள் தோள் இப்போது குலுங்கியது.

"யாரு?" என்றாள் அக்கா, மெல்ல.

*

இரண்டாவது ஸ்கேன் நாளன்று மழை இல்லை. அக்காவுக்கு நாள் நெருங்கிவிட்டதால் அத்தான் அவளை விட்டு நகர முடியாது. நான் தனியாகப் போய்க்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

காத்திருப்பு அறையில் ஏழு நாற்காலிகள். சுவரில் கடிகாரம். நர்ஸம்மா கணினியில் விவரங்களைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"கூட யாரும் வரலையாம்மா? இந்தத் தடவை திருப்பி அனுப்பும்போது ஒருத்தர் கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போகணும்னு புதுசா சொல்லியிருக்காங்க."

"இல்ல சிஸ்டர்... நான் மட்டும்தான்."

"வந்திருக்கேன்" என்றது ஒரு குரல்.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டாள். குரல் அருகே வந்து, ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தது.

"யார் சொன்னா?" என்றாள், மூடிய கண்களோடு.

"உங்க அக்கா. உங்க போன்லேருந்து நம்பரை எடுத்தாங்களாம். 'அவசரம்னு போட்டிருக்கே, அது நீங்களா தம்பி'ன்னு கேட்டாங்க."

யாருக்கும் சொல்லாதே என்று சட்டம் போட்ட அதே அக்கா. கண்ணைத் திறந்தாள். ஓட்டுநர் சீருடை இல்லை. இஸ்திரி போட்ட சட்டை. தாடை இளைத்திருந்தது.

"அப்ப மருந்து?"

"இன்னைக்கு லீவு போட்டுட்டேன். வேற ஆள் ஓட்டறார். மகா நிதானமான ஆள்." அவன் வாசலைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், மறுபடி வாசலைப் பார்த்தான். "இன்னும் வரல. அஞ்சு வருஷமா ஓட்டறேன். கொண்டு வர்றவனோட பதட்டம் எனக்கு நல்லாத் தெரியும். உட்கார்ந்து காத்திருக்கறவங்களோடது... இப்பதான் தெரியுது. இது அதைவிட மோசம்."

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "முடிவு வரட்டும். நல்லபடியா வந்தா... அப்புறம் பேசலாம். கெஞ்சிக் கேட்கறேன்."

"முடிவு நல்லா வந்த பிறகு சொன்னா, அது நல்ல முடிவைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருக்கும். மோசமா வந்த பிறகு சொன்னா, நீங்க பரிதாபம்பீங்க. ரெண்டுமே எனக்கு வேண்டாம். எதுவும் தெரியாத இந்த நேரத்துலதான் சொல்லணும்னு வந்தேன்." அவன் கைகளைப் பிசைந்தான். சாலையில் அத்தனை வேகம் காட்டுகிறவன், ஒவ்வொரு சொல்லையும் தேடித் தேடி எடுத்தான். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. மழையில உட்கார்ந்துக்கிட்டு ஐஸ் கட்டியான்னு கேட்டீங்களே, அப்பவே. எவ்வளவு நாளைக்குன்னு என்னைக் கேட்காதீங்க. எனக்கு எவ்வளவு நாளுன்னும் எனக்குத் தெரியாது. இருக்கற நாள் பூரா... அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்."

வாசலில் ஈயப் பெட்டி வந்தது. நர்ஸம்மா அவள் பெயரைக் கூப்பிட்டாள். பதில் சொல்ல நேரமில்லை.

இருட்டறையில் ஒரு மணி நேரம். பேசக் கூடாது. அசையக் கூடாது. நரம்பில் ஏறியது பாதியாகிக்கொண்டிருந்தது. அவளுக்கோ ஒவ்வொரு நிமிடமும் பயம் ஏறிக்கொண்டிருந்தது. புள்ளி பெரிதாகியிருந்தால்? அவனை உட்கார வைத்துக்கொண்டு அந்த வார்த்தையைக் கேட்க நேர்ந்தால்? 'உனக்கென்ன உரிமை இருக்கு, ஒருத்தனை இதுக்குள்ள இழுக்க' என்று கேட்டது மனது. 'அவனுக்கும் சேர்த்து வேண்டாம்னு சொல்ல உனக்கென்ன உரிமை' என்றது அதே மனது. பயத்துக்குப் பயந்துகொண்டு மூன்று மாதம் இருந்து பார்த்தாயிற்று. பயம் குறையவில்லை. அவன்தான் இல்லாமல் போனான். பயம் போன பிறகு வாழலாம் என்று உட்கார்ந்தால், அது எந்த நாள் போகும் என்று யார் சொல்ல முடியும்...

முடிவு பத்து நாள் கழித்து வந்தது. புள்ளி மங்கியிருந்தது, பழைய தழும்புதான், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும் என்றார் டாக்டர். அதற்கு மூன்று நாள் முன்னால் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. ஆனால் அன்று, ஸ்கேன் முடிந்து கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்த அவளுக்கு அது எதுவும் தெரியாது.

அவன் எழுந்து நின்றான். இரண்டு மீட்டர் தள்ளி. அந்தக் கணக்கு அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கையில் ஒரு படிவம்.

"இவரைக் கொஞ்சம் என்னன்னு கேளும்மா" என்றாள் நர்ஸம்மா, கணினியிலிருந்து கண் எடுக்காமல். "பேரு எழுதிட்டார், நம்பர் எழுதிட்டார். நோயாளிக்கு என்ன உறவுன்னு ஒரு கட்டம் இருக்கு. ரெண்டு மணி நேரமா அதையே வெச்சுப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கார். கேட்டா, அவங்க வந்து சொல்லட்டும்ங்கறார்."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

"எனக்கும்தான்."

"போகாது போலிருக்கு இந்தப் பயம்."

"இருக்கட்டும்."

"அழுவேன். எரிஞ்சு விழுவேன். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன்னாடி ஒரு வாரம் என்கிட்ட மனுஷங்க பேச முடியாது."

"நான் ஒரு மேஜை தள்ளி உட்கார்ந்துக்கறேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சுவரைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு" என்றாள். "வராதீங்கன்னு சொன்ன அன்னைக்கும் பிடிச்சிருந்துச்சு. தினமும் பிடிச்சிருந்துச்சு."

அவன் நிமிர்ந்தான். கண்கள் நிறைந்திருந்தன. ஒரு அடி முன்னால் வைத்து, சட்டென்று நின்றுகொண்டான். நடுவிலிருந்த அந்த வெறும் தரையை இருவரும் பார்த்தார்கள்.

"அஞ்சு மணிவரைக்கும்" என்றாள் அவள்.

"தெரியும்" என்றான் அவன்.

"கட்டத்துக்கு என்னம்மா போடறது? காலியா விட்டா கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது" என்றாள் நர்ஸம்மா.

"கட்டிக்கப் போறவர்னு போடுங்க சிஸ்டர்."

நர்ஸம்மா ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். நிறுத்தினாள். "இடம் பத்தலம்மா. ஒரே வார்த்தையா ஏதாவது சொல்லு."

அவள் ஒரு கணம் யோசித்தாள். அவனையே பார்த்துக்கொண்டு, அடக்க மாட்டாத வெட்கத்தோடு, ஆனால் அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"என்னவர்."